கால் அங்குலம்

பாப்பாரப்பட்டி மரவாடியில்
வேம்பு வாங்கினேன், இரண்டரைக் கன அடி.
"கட்டிலுக்கா மேடம்?" என்றார் அன்வர் பாய்.
"பெஞ்சுக்கு. தோட்டத்துல போட. நானே செய்யப்போறேன்."
கூட்டிக்கொண்டிருந்த கணக்கை நிறுத்தி
ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
வெடிப்பு விட்ட பலகையைத் தனியே சாய்த்துவிட்டு
வேறொன்று மாற்றிக் கட்டினார்.

பதினெட்டு வருடமாய் அளப்பதுதான் என் சம்பளம்.
முன்பு சங்கிலி, இப்போது ஒரு மஞ்சள் கருவி.
பாலக்கோடு வட்டத்தில்
என் காலில் ஏறாத நெருஞ்சி இல்லை.
ஒரு பலகை என்னை என்ன செய்துவிடும்?

செய்தது.
முதல் வெட்டிலேயே ரம்பம்
பென்சில் கோட்டை விட்டு நழுவித் தன்பாட்டில் போனது,
ஓடைப் புறம்போக்குக்குள்
வருடத்துக்கு ஒரு முழம் நகரும் வேலி மாதிரி.

நான்கு சனிக்கிழமை.
வேப்பந்தூள் உதட்டில் ஒட்டிக் காப்பி கசந்தது.
பக்கத்து வீட்டு லைன்மேனிடம்
டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கி
முதல் திருகாணியை வளைத்தேன்,
இரண்டாவதை உடைத்தேன்.
மூன்றாவது நேராக இறங்கியபோது
காட்ட ஆளில்லாமல்
சுவர்மேல் இருந்த ஓணானிடம் காட்டினேன்.
தலையை ஆட்டியது.

கறையான் ஏறாதிருக்க
கால்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய்.
கையுறை போடாமல் தடவியதில்
விரலிடுக்கு வெந்து தோலுரிந்தது.
அந்த வாரம் முழுக்க
பட்டா மாறுதல் கோப்புகளில் நான் வைத்த கையெழுத்து
வேறு யாரோ ஒருத்தியுடையது.

சமையலறை சிமெண்டுத் தரையில்
ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நின்றது.
தோட்டத்துக்குத் தூக்கிப்போய்
கொய்யாவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே வைத்தேன்.
ஆடியது.
வடமேற்குக் கால், கால் அங்குலம்.
காலுக்கும் காலுக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் மொழியில்
இதை யாரிடம் புகார் செய்வது?
ரம்பத்தை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.
பிழை மரத்தில் இல்லை, தரையில்.

ஞாயிறு காலை அவர்கள் வந்தார்கள்,
முனிரத்தினமும் தம்பி சென்றாயனும்.
புல எண் இருநூற்றுப் பதினாலு. ஒன்றரை சென்ட்.
ஒரு புளியமரம் யார் பக்கம் என்பதற்காக
ஆறு வருடம் ஒருவர் வீட்டுச் சாவுக்கு
ஒருவர் போகாதவர்கள்.
மற்றவன் முந்திவிடக் கூடாதென்று
ஒரே நேரத்தில் இரண்டு வண்டி,
இரண்டு கூடை தக்காளி.
கூடைகளைக் கேட்டுக்கு வெளியிலேயே வைக்கச் சொன்னேன்.
"உட்காருங்க, கண்ணாடி எடுத்துட்டு வரேன்."

வேறு இருக்கை இல்லை.
ஆளுக்கொரு முனை.
நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
அண்ணன் வெற்றிலை துப்ப எழுந்தார்.
தம்பி பக்கம் பலகை சட்டென்று தாழ்ந்தது;
அவர் காலை ஊன்றிச் சமாளித்தார்.
அண்ணன் வந்து உட்கார, தம்பி மேலே வந்தார்.
அப்புறம் தம்பி எழுந்தார்.
அது வேண்டுமென்றே.

நான் வெளியே வந்தபோது
இருவரும் குத்துக்காலிட்டு
பெஞ்சுக்கடியில் தலையை விட்டிருந்தார்கள்.
"இந்தக் கால்தான் கட்டை."
"கண்ணு தெரியுதா உனக்கு? அந்தக் கால் நெட்டை."
"எந்தத் தச்சன் மேடம் செஞ்சது? கூலி குடுத்துட்டீங்களா?"
ஆறு வருடத்தில் முதல்முறையாக
இருவருக்கும் எதிரி ஒருவன்.
அவன் யாரென்று நான் சொல்லவில்லை.

சென்றாயன் வேலியோரம் துழாவி
ஒரு கருங்கல் சில்லோடு வந்தார்.
முனிரத்தினம் முனையைத் தூக்கிப் பிடித்தார்.
"இன்னும். இன்னும் கொஞ்சம். விடு."
நின்றது.

மனுவில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.
ஒரு விரல்கடை நிலமும் விட்டுத்தரவில்லை.
வந்த வண்டியில், வந்த கூடையோடு
போனார்கள்.

சாயங்காலம் அந்தக் கல்லை உருவிவிட்டு
தனியாக உட்கார்ந்து பார்த்தேன்.
லேசாக ஆடிற்று.
நன்றாகத்தான் இருந்தது.

செவ்வாய் பத்து மணிக்குப் புளியமரத்தடி.
மஞ்சள் கருவியை நிறுத்தும் தாங்கியைத் துடைத்து
வண்டியில் கட்டிவிட்டேன்.
அதற்கு மூன்றே கால்.
எந்த மேட்டிலும் ஆடாது.